உருக்கமானியும் பழுதுப் பலகையும்

மனித இதயம் இனிமேல் பொய் சொல்ல முடியாது என்ற மகத்தான செய்தியை அகில உலகத்துக்கும் அறிவிக்கும் பொறுப்பு, வரலாற்றுக்கு வேறு வேலை இல்லாத ஒரு புதன்கிழமையில், நாதசாகரம் நுண்கலைக் கல்லூரியிடம் வந்து சேர்ந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடைகளை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டார்கள். கல்லூரி முதல்வர் மைக்கைப் பிடித்து, நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அந்த வரிசையின் கடைசியில் ஒரு காது கிளிப்பை வைத்தார்.

கிளிப்பின் பெயர் உருக்கமானி. காதில் மாட்டிக்கொண்டு எதைக் கேட்டாலும், கேட்பவர் எவ்வளவு உருகினார் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் ஓர் எண்ணைக் காட்டும்.

"நேற்று வரைக்கும் சக மாணவரின் ஒலிச்சித்திரத்தைக் கேட்டு நீங்கள் ஒரு பக்கம் கருத்து எழுதினீர்கள்," என்றார் முதல்வர். "அத்தனை பேரும் 'நெஞ்சைத் தொட்டது' என்றே எழுதினீர்கள். நெஞ்சைத் தொட்டதா இல்லையா என்பதை இனி நெஞ்சே சொல்லும்!"

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த மங்கையர்க்கரசி மட்டும் தட்டவில்லை. மூன்றாம் ஆண்டு ஒலிக்கலை மாணவி. பெயரைச் சுருக்கி அரசி என்று கூப்பிடுவார்கள். கோபத்தைச் சுருக்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

"காய்ச்சல் பாக்குற மெஷினுக்குப் பொட்டு வெச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க," என்றாள்.

"சும்மா இருடீ," என்றாள் பக்கத்திலிருந்த ஜெனோவா. "அது என்ன கருமமா வேணா இருக்கட்டும். எனக்கு முதலிடம் வேணும். அவ்ளோதான்."

ஜெனோவாவுக்கு முதலிடம் எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு பேரும் நவவசந்தம் குடியிருப்பில் ஒரே கட்டடத்துக்காரர்கள். கடற்கரையில் இருந்த வீடுகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களைக் குடியிருப்பு வாரியம் கொண்டுபோய் அடுக்கி வைத்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் அது. அரசிக்கு இரண்டாவது மாடி. ஜெனோவாவுக்குப் பதினொன்றாவது. லிஃப்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெனோவாவின் அப்பா சவரிமுத்து கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் நின்றதோடு அவருடைய பூமித் தொடர்பும் நின்றுபோனது. மனு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு மனுவுக்கும் 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அழகான குறுஞ்செய்தி வந்தது.

அந்த ஆண்டின் சிறந்த ஒலிச்சித்திரத்தைக் கல்லூரி ஆண்டு விழாவில் ஒலிபரப்புவார்கள். தலைமை விருந்தினர் குடியிருப்பு வாரியத்தின் தலைவர்.

"மனுவை அவரு படிக்கவே இல்ல," என்றாள் ஜெனோவா. "மேடையில உக்கார வெச்சுக் காதுல போட்டா கேட்டுத்தானே ஆவணும்? எந்திரிச்சுப் போவ முடியாதுல்ல?"

*

போட்டி வகுப்பறையில் நடக்கவில்லை. கல்லூரியின் ஆறாவது மாடியில், குளிரூட்டி உறுமும் ஒலிக்கூடத்தில் நடந்தது. வகுப்பில் பதினாறு பேர். எல்லோர் காதிலும் கிளிப். சுவரில் பெரிய திரை. துறைத்தலைவர் டாக்டர் அறிவொளிச்செல்வன், கோயில் நடை திறக்கும் பாவனையில், முதல் ஒலிச்சித்திரத்தைத் திறந்து வைத்தார்.

அது ரித்விக்கினுடையது. ரித்விக்கின் அப்பா கட்டட ஒப்பந்தக்காரர். பையன் கெட்டவன் இல்லை, காருக்கு வெளியே அதிகம் இருந்ததில்லை, அவ்வளவுதான். அவன் படைப்பின் தலைப்பு 'வேர்களின் விசும்பல்'. மழை பெய்தது. மாட்டு மணி அசைந்தது. அம்மி அரைத்தது. எங்கோ ஒரு குயில், சம்பளம் வாங்கிக்கொண்டு கூவுவதுபோலக் கச்சிதமாகக் கூவியது. நடுநடுவே ஒரு கிழவி, 'போயிட்டியா ராசா' என்றாள். அம்மி எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்டால் ரித்விக் திருதிருவென்று முழிப்பான். எல்லாம் இணையத்தில் கட்டாகக் கிடைக்கும் சத்தங்கள். அந்தக் கிழவியை அரசி ஏற்கெனவே ஒரு முறுக்கு விளம்பரத்தில் கேட்டிருக்கிறாள்.

அரசிக்கு முதலில் காது சூடானது. பிறகு கழுத்து. வீட்டில் இல்லாத அம்மிக்கு அழச் சொல்கிறானே என்று பற்களைக் கடித்தாள். கிழவி மூன்றாம் தடவை 'ராசா' என்றபோது அரசிக்கு மூச்சு வாங்கியது. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடுத்தது ஜெனோவாவின் 'பதினொன்று'. இசை கிடையாது, கிழவி கிடையாது. ஒரு பெண் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். அவ்வளவுதான். செருப்புச் சத்தம், மூச்சு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கேனைத் தரையில் வைக்கும் 'டங்'. ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் கருவாடு வறுக்கும் சத்தம். 'இன்னாடி, லிஃப்ட் வந்துச்சா?' என்று யாரோ கேட்க, 'மாப்ள வீட்டுக்காரங்களோட வருதாம்' என்று இன்னொருத்தி சிரிக்கிறாள். மேலே போகப்போக மனிதச் சத்தம் குறைந்து காற்று கூடுகிறது. கடைசியில் ஒரு கதவு திறக்கிறது. ஓர் ஆண் குரல், வெளிநாட்டிலிருந்து வந்தவரை விசாரிப்பதைப்போல ஆவலாகக் கேட்கிறது: "கீழ இன்னா சேதி?"

அந்தக் கேள்வியை அரசி கேட்கவில்லை. அதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள்.

தினமும் படுக்கையில் கேட்கிற சத்தம். அந்த 'டங்', அந்த மூச்சு, அந்தச் சிரிப்பு. கோபப்பட்டுக் களைத்த உடம்பு, குளுகுளு அறை, காதில் சொந்த வீட்டுப் படிக்கட்டு. அப்படியே தலை சாய்ந்துவிட்டது. லேசாகக் குறட்டை விட்டதாகவும் சாட்சிகள் உண்டு.

விழித்தபோது திரையில் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. 'வேர்களின் விசும்பல்' அறுபத்தொன்று. 'பதினொன்று' ஐம்பத்தேழு. கீழே தனித்தனிப் பட்டியல். ரித்விக்கின் படைப்புக்கு வகுப்பிலேயே அதிகமாக உருகியவர் மங்கையர்க்கரசி, தொண்ணூற்றொன்பது. ஜெனோவாவின் படைப்புக்கு வகுப்பிலேயே குறைவாக உருகியவரும் மங்கையர்க்கரசி, நான்கு.

"தேங்க்ஸ் அரசி," என்றான் ரித்விக், நிஜமாகவே நெகிழ்ந்துபோய். "உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

*

"சார், இது அநியாயம்," என்றாள் அரசி. வகுப்பு கலைந்ததும் அறிவொளிச்செல்வனை அவர் அறை வாசலிலேயே மடக்கிவிட்டாள். "எனக்கு அதைக் கேட்டு ஆத்திரம் வந்துச்சு. உருகவே இல்ல."

"உருகியிருக்கீங்க. எண் இருக்கே."

"கோவம் சார் அது! உங்க மெஷினுக்குக் கோவத்துக்கும் உருக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அறிவொளிச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாமரர்களுக்கு விளக்கம் சொல்வதற்கு முன் அவர் எப்போதும் அதைச் செய்வார். "இங்க பாருங்கம்மா. நாடித்துடிப்பு ஏறுது, மூச்சு வாங்குது, தோல் வேர்க்குது. இதை அது அளக்குது. ஏன் ஏறுதுன்னு கேக்குறது அறிவியல் இல்ல, அது வம்பு."

"அப்ப ஒருத்தன் ஓடிட்டு வந்து உக்காந்தா அவனுக்கும் நூறு காட்டுமா?"

"ஓடிட்டு வந்து யாரும்மா கலையை ரசிப்பாங்க?" என்று சிரித்தார்.

"நான் தூங்கினேன் சார். என்னோட நாலை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது. ஆனா விதியில ஒண்ணு இருக்கு. அஞ்சுக்குக் கீழ போனா, கேட்டவர் உயிரோட இருக்காரான்னு கருவிக்கே சந்தேகம் வந்துடும். அதனால படைப்பாளி ஒரே ஒரு தடவை மறுகேட்பு கேக்கலாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அதே பதினாறு பேர். இந்தத் தடவை தூங்காதீங்க."

*

பேருந்தில் ஜெனோவா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"திட்டித் தொலைடீ," என்றாள் அரசி.

"எதுக்குத் திட்டணும்? நல்லாத்தானே தூங்குன."

"அது... நம்ம வீட்டுச் சத்தம்டீ. காதுல வுழுந்ததும்..."

"நம்ம வீடா?" ஜெனோவா திரும்பினாள். "நீ ரெண்டாவது மாடிடீ. நாங்கல்லாம் மூச்சு வாங்க ஏறிப் போறது உனக்குத் தாலாட்டு. எனக்கு அது முட்டி வலி. ரெண்டும் ஒரே சத்தம்தான், இல்லங்கல."

ஊரையே கேள்வி கேட்கிற அரசிக்கு, தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்களின் மூச்சைக் கேட்டுச் சுகமாகத் தூங்கியிருக்கிறோம் என்பது அதுவரை ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

கட்டடத்துக்கு வந்ததும் லாரியில் பிடித்த தண்ணீர் கேனை ஜெனோவாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "வுடுடீ, நீ தூக்க மாட்ட," என்ற பேச்சைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது மாடியில் அவளுடைய வீடு வந்தது, போனது. நான்காவதில் கை மாற்றினாள். ஆறாவதில் உட்கார்ந்தாள். எட்டாவதில், வாரியத் தலைவரின் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளைப் பற்றி, அச்சில் ஏற்ற முடியாதபடி ஒரு கருத்து சொன்னாள். பதினொன்றாவதில் கதவு திறந்தபோது அவள் நெஞ்சு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அடித்துக்கொண்டிருந்தது.

சவரிமுத்து ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, அரசியா? வாம்மா, வா. எவ்ளோ நாளாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, ஆவலாக, "கீழ இன்னா சேதி?" என்றார்.

அரசி கேனை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது. அது களைப்பா, வெட்கமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. மெஷினுக்கு மட்டும் எப்படித் தெரியப்போகிறது?

அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"ஜெனோ," என்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "நம்ம லிஃப்ட்ல ஒரு பலகை தொங்குதில்ல?"

"'லிஃப்ட் பழுது, சிரமத்திற்கு வருந்துகிறோம்'. ஆமா. அதுக்கு இன்னா?"

"வெள்ளிக்கிழமைக்கு அது எனக்கு வேணும்."

ஜெனோவாவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் முகம் சுருங்கியது. "இது ஏமாத்து வேலைடீ."

"லிஃப்டே இல்லாம பன்னெண்டு மாடி கட்டிக் குடுத்தாங்களே, அதுக்குப் பேரு இன்னா?"

"லிஃப்ட் இருக்கு. ஓடல," என்றார் சவரிமுத்து, நியாயம் தவறக் கூடாது என்று.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாதசாகரம் நுண்கலைக் கல்லூரியின் தரைத்தள லிஃப்டில் அந்தப் பலகை தொங்கியது. மஞ்சள் பெயின்ட் உரிந்து, வாரிய முத்திரையோடு, ஒரு வருட அனுபவம் முகத்தில் தெரிய, கம்பீரமாகத் தொங்கியது. உள்ளே லிஃப்ட் ஆரோக்கியமாக இருந்தது. ஒரே ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் படித்தவர்கள் எழுத்தை நம்புகிறவர்கள். பலகையைப் படித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், படியில் ஏறினார்கள்.

ஆறு மாடிதான். அதற்கே கல்லூரி கலவரப்பட்டது. இரண்டாவது மாடியில் ஒருத்தி தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். மூன்றாவதில் அறிவொளிச்செல்வன், நிர்வாகத்தின் அலட்சியத்தைக் கண்டித்து ஓர் உரையைத் தொடங்கினார். நான்காவதில் காற்று போதாமல் கைவிட்டார். முதல்வர் மேல்தளத்திலிருந்து தொலைபேசியில் கத்தினார்: "பசங்க படியேறி வர்றாங்களாம்! இது என்ன கல்லூரியா, காட்டுப் பங்களாவா?" கால் மணி நேரத்தில் லிஃப்ட் கம்பெனியின் வண்டி வந்து நின்றது. பழுதே ஆகாத லிஃப்டைச் சரி செய்ய மூன்று பேர் கருவிப்பெட்டியோடு ஓடி வந்தார்கள்.

அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த அரசி கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம்! இங்கே எல்லாருக்கும் இரண்டு கால்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் அறிவொளிச்செல்வன், மேசையைப் பிடித்துக்கொண்டு. "நேரமாச்சு... கிளிப்பை... மாட்டுங்க." விதிப்படி மறுகேட்பில் துறைத்தலைவரும் கிளிப் மாட்ட வேண்டும். மாட்டிக்கொண்டார்.

'பதினொன்று' தொடங்கியது. செருப்புச் சத்தம். மூச்சு. 'டங்'.

பதினாறு பேரும் ஒரு பேராசிரியரும் மூச்சு வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்குகிற ஒருத்தியைக் கேட்டார்கள். திரையில் எண்கள் கிடுகிடுவென ஏறின. எழுபது. எண்பத்திரண்டு. அறிவொளிச்செல்வன் நூறைத் தொட, கருவி மேற்கொண்டு போக இடமில்லாமல் சிமிட்டியது. நடுவில் ஒரு விஷயம் நடந்தது, அதை மட்டும் அரசி திட்டமிடவில்லை. ஒலிச்சித்திரத்தில் ஜெனோவா ஐந்தாவது திருப்பத்தில் கேனை வைத்தபோது, ரித்விக் தன்னை அறியாமல் தோளைத் தளர்த்தினான். அவள் மறுபடி தூக்கியபோது அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். அறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. ஏறி முடித்துவிட்டோம் என்று உடம்பு நினைக்கும்போது, காதில் இருப்பவள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தாள்.

"கீழ இன்னா சேதி?"

தொண்ணூற்றாறு. கல்லூரியின் சரித்திரத்திலேயே அதிகம் என்று திரை அறிவித்தது. கருவியின் சரித்திரத்துக்கு மொத்த வயது மூன்று நாள்.

ரித்விக் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஜெனோவாவிடம் வந்தான். "உங்க வீட்டுக்கு டெய்லி இப்படித்தானா?"

"இப்படி இல்ல," என்றாள் ஜெனோவா. "இது ஆறு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அந்த வருடம் அவன் வெளியிட்ட ஒலிகளிலேயே சிறந்தது அதுதான் என்பது அரசியின் கருத்து.

*

ஆண்டு விழா தரைத்தள அரங்கில் நடந்தது. தலைவருக்குப் படியேறினால் ஆகாது.

வாரியத் தலைவர் திருவேங்கடமூர்த்தி முன் வரிசையில், மாலையோடும் கிளிப்போடும் உட்கார்ந்தார். அவருடைய எண்ணைத் தனியாகப் பெரிய திரையில் காட்டினார்கள். பதினொரு மாடி ஏறும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. ஆனால் கூட்டம் திரையைத்தான் பார்த்தது. ஐம்பது தாண்டியதும் கைதட்டல். எழுபதுக்கு விசில். தன் எண் ஏறுவதைப் பார்த்துத் தலைவருக்குப் பரவசம், பரவசத்தில் நாடி இன்னும் ஏறியது, எண்ணும் ஏறியது. சவரிமுத்து கேள்வி கேட்ட நேரத்தில் தொண்ணூற்றொன்று. கைதட்டலில் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை.

"தொண்ணூற்றொன்று!" என்றார் தலைவர் மைக்கில், கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு. "ஓர் அதிகாரியின் இதயத்துக்குள்ளும் இத்தனை ஈரமா என்று நானே வியந்துபோனேன். எந்த மண்ணில் இந்தப் படைப்பு பிறந்ததோ, அந்த மக்களுக்கு வாரியம் கடன்பட்டிருக்கிறது!"

ஜெனோவா மேடையில் நினைவுப் பரிசை வாங்கிக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கும்படி, வேகமாகச் சொன்னாள். "சார், நவவசந்தம், நாலாம் பிளாக். லிஃப்ட், சார். ஒரு வருஷத்துக்கு மேல ஓடல. எங்க நைனா எறங்க முடியாம மேலயே கீறாரு. அந்த லிஃப்டு சார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. மைக்கை மறுபடி பிடித்தார். "ஆகா! இந்தக் குழந்தை எவ்வளவு பொருத்தமான இடத்தை நினைவூட்டுகிறது பாருங்கள்! லிஃப்ட்! அந்த லிஃப்டிலேயே இந்த ஒலிச்சித்திரம் ஒலிக்கட்டும்! இதை வாரியத்தின் ஆணையாகவே இப்போது அறிவிக்கிறேன்!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கடைசி வரிசையில் அரசி ஒரு வார்த்தை சொன்னாள். அவள் காதில் கிளிப் இருந்தது. நூறு காட்டியது.

*

ஆணை என்றால் ஆணை. பத்தே நாளில் வண்டி வந்தது, ஏணி வந்தது, நான்கு பேர் வந்தார்கள். லிஃப்டின் கதவை நெம்பித் திறந்து, உள்ளே கூட்டிப் பெருக்கி, சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்து, கூரையில் இரண்டு உயர்ரக ஸ்பீக்கர்களைப் பொருத்தினார்கள். அதற்கென்று தனி மின்சார இணைப்பு இழுத்தார்கள். கல்வெட்டு பதித்தார்கள். அரசி திருப்பிக் கொண்டுவந்திருந்த பலகையைத் துடைத்து, பழைய ஆணியிலேயே நேராக மாட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஜெனோவாவும் அரசியும் கேனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஏறிப் போனார்கள். இப்போதெல்லாம் அரசி இரண்டாவது மாடியில் நிற்பதில்லை. தூக்கமும் முன்போல வருவதில்லை.

கதவு திறந்தது. "கீழ இன்னா சேதி?" என்றார் சவரிமுத்து.

"கீழ உன் கொரல்தான் கேக்குது நைனா," என்றாள் ஜெனோவா. "லிஃப்டுக்குள்ள. காலையிலர்ந்து ராத்திரி வரைக்கும்."

அவர் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பரவால்ல. நான்தான் எறங்கல. கொரலாவது எறங்குச்சே."

லிஃப்ட் ஓடவில்லை.